‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று 14 மாதம் சொன்னேன்

என் தம்பி இறந்த ஆறாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். அவனுக்கு வயது 29. இரவு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது 34. அலுவலகத்தில் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. என் மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் மட்டும், “எப்படி இருக்கீங்க?” என்றார். “நல்லாத்தான் இருக்கேன். மாசக் கடைசி அறிக்கை எந்த அளவுல நிக்குது?” என்று கேட்டேன். அவர்கள் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அந்த நிம்மதியை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அடுத்த 14 மாதம் நான் செய்ததெல்லாம் அந்த ஒரு பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான். அதற்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதுகிறேன். ‘தூங்குங்க, சாப்பிடுங்க, உடம்பைப் பாத்துக்கோங்க’ என்று எனக்குப் பலர் சொன்னார்கள். முகத்தை மூடிக்கொண்டால் சுற்றியிருக்கும் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் ஏன் அழவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று காலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அப்பா மாலை வரை எழவில்லை. அம்மாவை நான்கு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்குப் போன் செய்வது, மருத்துவரிடம் சான்று வாங்குவது, தம்பியின் அலுவலகத்துக்குச் சொல்வது, வங்கியில் கேட்டதற்குப் பதில் சொல்வது என்று வரிசையாக வேலை இருந்தது. நான் மூத்தவன். தொண்டையை அடைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் கன்னத்தின் உட்சதையைப் பல்லால் கடித்துக்கொள்வேன். கவனம் அந்த வலிக்குப் போய்விடும். ‘பெரியவன் கல்லு மாதிரி நின்னு எல்லாத்தையும் பாத்தான்’ என்று யாரோ அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு வாரம் அடக்கிக்கொண்டது தவறென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. யாராவது ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. வாரம் முடிந்த பிறகும் நான் உட்காரவே இல்லை, அதுதான் பிசகு. உங்களுக்கு அப்படி ஒரு கட்டம் வந்தால் அந்த நேரத்துக்கு அடக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ‘இந்த வேலையெல்லாம் முடிந்ததும் வரும் சனிக்கிழமை இன்னாரிடம் போய் உட்காருவேன்’ என்று ஆளையும் நாளையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். நாள் குறிக்காமல் தள்ளிப்போட்டால் அதுவே பழக்கமாகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

முதலில் போனது ஞாபகம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன், எதிரில் இருப்பவரின் வாய் அசையும், நான் தலையாட்டுவேன். வெளியே வந்தால் பாதி நினைவில் இருக்காது. ஒரு முறை ஒரு வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டு, பத்து நாள் கழித்து ‘அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை’ என்று சாதித்தேன். வீட்டிலும் அதேதான். மகளின் பள்ளிக்கு இன்ன நாள் போக வேண்டும் என்று மனைவி இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒரு முறைகூட ஏறவில்லை. துக்கத்தால் வந்த மறதி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் படித்தேன்: ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கச் சொல்லப்பட்டவர்கள், அந்த நேரத்தில் தங்களுக்குச் சொல்லப்பட்ட விவரங்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். முகத்தைக் காவல் காப்பது முழுநேர வேலை. ‘உதடு நடுங்குகிறதா, குரல் உடைகிறதா, கண் கலங்குகிறதா’ என்று உள்ளே ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தால், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்க ஆள் ஏது? பிரச்சினை என்னவென்றால், என் மறதியைப் பார்த்த யாரும் ‘பாவம், அடக்கிக்கொண்டு இருக்கிறார்’ என்று நினைக்கவில்லை. ‘நம் பேச்சு இவருக்கு ஒரு பொருட்டில்லை’ என்றுதான் நினைத்தார்கள்.

இரண்டாவதாகப் போனது சந்தோஷம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வருத்தத்துக்கு மட்டும் தாழ் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி நடப்பதில்லை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. தினமும் ஏதாவது வரைந்து, நான் வீட்டுக்குள் நுழையும்போதே தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். “நல்லா இருக்கும்மா” என்பேன். வார்த்தை சரியாகத்தான் இருக்கும். முகத்தில் ஒன்றும் இருக்காது. சில மாதம் கழித்து அவள் படங்களை மனைவியிடம் மட்டும் காட்டுகிறாள் என்று கவனித்தேன். “ஏன்டா அப்பாவுக்குக் காட்டல?” என்று கேட்டதற்கு, “உனக்குப் பிடிக்காதுல்ல” என்றாள். கோபமோ அழுகையோ எதுவும் இல்லாமல், தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். இந்த அனுபவம் முழுவதிலும் என்னை அதிகம் உலுக்கியது அந்தப் பதில்தான். அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. விளையாடும்போது முழங்காலில் நல்ல அடி, ரத்தம் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு, “எனக்கு வலிக்கலையே” என்றாள். யாரிடமிருந்து கற்றாள் என்று யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

அலுவலகத்தில் எனக்குக் கீழே ஏழு பேர். ஆறேழு மாதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒரு பெண்ணும் விலகல் கடிதத்தோடு வந்து நின்றாள். காரணம் கேட்டேன். முதலில் வேறு ஏதேதோ சொன்னாள். பிறகு, “சார், நீங்க எங்க மேல ரொம்ப அதிருப்தியா இருக்கீங்கன்னு எங்க எல்லாருக்குமே தெரியும். நான் ஆறு மாசமா ஒவ்வொரு நாளும் இன்னைக்கு என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போறேன்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆறு மாதத்தில் அவளைப் பற்றி ஒரு முறைகூட நான் குறையாக நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனால் வெறுமையாக இருக்கும் முகத்தை யாரும் வெறுமையென்று எடுத்துக்கொள்வதில்லை. அதில் தன்னைப் பற்றிய ஏதோ ஒரு தீர்ப்பைப் படித்துக்கொள்கிறார்கள். தன்மேல் ஏற்கெனவே சந்தேகம் உள்ளவர்கள் மோசமான தீர்ப்பையே படிக்கிறார்கள்.

அதனால் நடைமுறையில் எல்லாவற்றுக்கும் முதலில் நான் சொல்ல விரும்புவது இது. மனதைத் திறந்து காட்ட முடியவில்லையா, பரவாயில்லை. எதிரில் இருப்பவருக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்துவிடுங்கள். “எனக்கு இன்னைக்கு மனசு சரியில்ல. உங்களால இல்ல. இப்ப அதைப் பத்திப் பேசவும் முடியல.” மூன்று சின்னத் துண்டுகள், பத்து நொடி. இதில் உங்கள் துக்கத்தின் விவரம் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் அந்த ‘உங்களால இல்ல’ என்ற சொல் எதிராளியின் தூக்கத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். நான் இதைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரில் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்தே வளர்ந்தவன். தம்பியையும் தூக்கி வளர்த்தவன். முதல் மூன்று மாதம் வாராவாரம் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் “ஓகேடா, எல்லாம் போயிட்டு இருக்கு” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். பிறகு மாதம் ஒரு முறை ஆனது. பிறகு நின்றது. ‘இவ்வளவுதான் நட்பு’ என்று மனதுக்குள் அவன்மேல் ஒரு கணக்கை எழுதி வைத்தேன். ஒரு நாள் மூன்றாவது ஆள் மூலமாகத் தெரிந்தது, அவனும் அவன் மனைவியும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறதென்று. கூப்பிட்டு, “ஏன்டா எங்கிட்ட சொல்லல?” என்று சண்டைக்கே போனேன். அவன் கோபப்படவில்லை. “நீ இவ்வளவு பெரிய இடி விழுந்தும் ‘ஓகே’ங்கறே. உங்கிட்ட வந்து நான் என் வீட்டுச் சண்டையை எப்படிடா கொட்டறது? கேவலமா இருந்துச்சு” என்றான். என் மௌனம் அவனுக்கு ஒரு அளவுகோலாகிவிட்டது. தம்பியை இழந்தவனே அசையாமல் நிற்கும்போது, தான் கலங்குவது பலவீனம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நான் என் துக்கத்தை மட்டும்தான் பூட்டினேன் என்று நினைத்தேன். அவன் தன் துக்கத்தோடு வந்து உட்காரக்கூடிய இடத்தையும் சேர்த்தே பூட்டியிருந்தேன்.

மனைவி வேறு மாதிரி சொன்னாள். ஒரு இரவு, விளக்கை அணைத்த பிறகு, “உங்க பக்கத்துல உக்காந்தாலே எனக்குத் தோள்பட்டை இறுகிப்போகுதுங்க. நீங்க ஒண்ணும் சொல்றதில்ல, திட்றதில்ல. ஆனா ஏதோ நடக்கப்போகுதுங்கற மாதிரியே இருக்கு” என்றாள். அப்போது அதை மிகைப்படுத்திப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அது மிகையில்லை என்று பின்னால் தெரிந்தது. எமிலி பட்லர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதைக் கலக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும் தனியாக, ‘உணர்ச்சி எதையும் வெளியே காட்டாமல் பேசுங்கள்’ என்று சொல்லிவைத்தார்கள். மற்றவருக்கு இது தெரியாது. பேச்சு ஒட்டவில்லை, நட்பாகப் பழகும் விருப்பம் குறைந்தது. இதுவரை எதிர்பார்க்கலாம். ஆனால் ஒன்றும் தெரியாமல் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ரத்த அழுத்தமும் ஏறியது. இதைப் படித்தபோது மனைவியின் தோள்பட்டைதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடக்குகிறவனுக்கு உடம்பு கெடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் இருப்பவருக்கும் அதில் பங்கு போகிறது என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பட்லர் வேறு இருவரோடு சேர்ந்து 2007-இல் இன்னொன்றையும் எழுதினார்: உணர்ச்சியை அடக்குவதை நற்பண்பாக மதிக்கும் ஆசியப் பண்பாட்டில் ஊறியவர்களிடம் இந்தப் பாதிப்பு குறைவாகவே தெரிந்தது. எனவே எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அடக்கத்தை மதிக்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். என் வீட்டில் என்ன நடந்ததோ அதைத்தான் எழுதுகிறேன்.

இதற்கிடையில் எனக்குள் ஒரு கசப்பு வளர்ந்துகொண்டே வந்தது. ‘இத்தனை பேர் கூட இருக்கிறார்கள், ஒருத்தருக்காவது நான் எரிந்துகொண்டிருப்பது தெரியவில்லையா?’ என்று. நான்தான் மறைக்கிறேன், அதே சமயம் மறைத்ததை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று அவர்கள்மேலேயே கோபம். இந்த இரண்டும் ஒரே மனதில் ஒன்றையொன்று இடிக்காமல் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் புரியவில்லை. தாமஸ் கிலோவிச்சும் அவரது சக ஆய்வாளர்களும் 1998-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ருசி கெட்ட ஒரு பானத்தைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்கச் சொன்னார்கள். குடித்தவர்கள், தங்கள் அருவருப்பைப் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்று உண்மையில் நடந்ததைவிட அதிகமாக மதிப்பிட்டார்கள். உள்ளே இருப்பது நமக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்பதால், வெளியேயும் கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். கேட்பதில்லை. மற்றவர்கள் கவனிக்கவில்லை என்று மனம் புண்படும்போது, ‘இதை நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேனா?’ என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னால் ஒரு ஆளிடம்கூட ‘ஆமாம், சொன்னேன்’ என்று காட்ட முடியாது.

அந்தக் கசப்பில்தான் 11-ஆம் மாதம் வேலையை விட்டேன். ‘என்னை மனுஷனாகவே மதிக்காத இடம்’ என்று வீட்டில் சொன்னேன். கையில் வேறு வேலை இல்லை. அடுத்தது கிடைக்க ஆறு மாதம் ஆனது. ஆறு மாதச் சம்பளம் போனது, சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது, புதிய வேலையும் பழையதைவிட ஒரு படி கீழே. விடைபெறும் நாளில் என்னோடு ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர், வாசல் வரை வந்து, “உங்களுக்கு எங்க யாரையும் வேண்டாம்னு நாங்க நினைச்சு ஒதுங்கிட்டோம். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க” என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று கைகுலுக்கிவிட்டு வந்தேன். பெரிய துக்கம் நடந்த ஓராண்டுக்குள் வேலை, வீடு, உறவு என எதையும் முறித்துக்கொள்ளும் முடிவை, குறைந்தது ஒருவரிடமாவது மனம் திறந்து பேசாமல் எடுக்காதீர்கள். எனக்கு மிக அதிகமாகப் பணம் போனது இந்த ஒரு இடத்தில்தான்.

அடுத்தபடியாகப் போனது பரிசோதனைகளுக்கு. நெஞ்சில் ஒரு அழுத்தம் வந்து வந்து போனது. இசிஜி, எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை என்று மூன்று இடங்களில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நெஞ்சு வலித்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை, மனக்கஷ்டம் என்று நீங்களாக முடிவுகட்டிவிடாதீர்கள். ஆனால் நான் மருத்துவரிடமும் மறைத்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் நெருங்கியவர் மரணம் போன்ற பெரிய இழப்பு ஏதேனும் உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ‘இல்லை’ என்பதில் குறியிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், “தம்பி போனது உங்களுக்கு இழப்பு இல்லையா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை, பயம். தன் கணவன் யாரென்றே தெரியவில்லை என்பது போன்ற பயம். அதற்கும் நான், “படிவத்துல எதுக்கு அதெல்லாம்” என்றேன்.

உடைந்தது எதிர்பாராத இடத்தில். தம்பியின் செல்போன் அப்பாவின் வீட்டில்தான் இருந்தது. அந்த எண் வேறு யாருக்கோ போய்விடக் கூடாது என்று முதல் மாதத்திலிருந்தே நான் அதற்கு ரீசார்ஜ் செய்துவந்தேன், மனைவிக்கும் தெரியாமல். 14-ஆம் மாதம், வேலையில்லாத குழப்பத்தில் மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து நடு இரவில் நினைவு வந்து, பதறிக்கொண்டு எழுந்து பார்த்தால், எண்ணுக்கு அடுத்த மாதம் வரை கெடு இருக்கிறது. யாரோ போட்டிருக்கிறார்கள். விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். “அப்பா, அவன் நம்பருக்கு நீங்க...” என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னார். அந்தப் போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாராம். அம்மா தூங்கிய பிறகு தன் போனிலிருந்து அதற்கு ஒரு முறை அடித்துப் பார்ப்பாராம். மணி அடித்தால் போதுமாம். போன வாரம் அடிக்கவில்லை என்றதும் கடைக்கு ஓடியிருக்கிறார். “இத்தனை நாளும் அவனே ஒரு வருஷத்துக்குச் சேத்துப் போட்டு வச்சிருந்தான்னு நினைச்சேன்பா. நீ போட்டியா?” என்றார். நான் ‘ஆமாம்’ என்றேனா என்றுகூடத் தெரியவில்லை. “நீ அவனை மறந்துட்டேன்னு நினைச்சு, உங்கிட்ட அவன் பேச்சை எடுக்கவே பயந்தேன்பா” என்றார். தம்பி போன பிறகு முதல் முறையாக அன்றுதான் அழுதேன். போனின் இரண்டு முனையிலும் ஒரு அரைமணி நேரம் பேச்சே இல்லை. 14 மாதம் அவர் அவருடைய வீட்டிலும் நான் என் வீட்டிலும், ஒரே மனிதனுக்காக, ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

அதன் பிறகு ஒரு ஆலோசகரிடம் போனேன். எட்டு அமர்வுகள். முதல் இரண்டில், “என்ன உணர்கிறீர்கள்?” என்று கேட்டால், என்னிடம் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதைத் தவிர வேறு சொல்லே இல்லை. நீண்ட நாள் அடக்கினால் காட்டும் பழக்கம் மட்டுமல்ல, பெயரும் மறந்துபோகிறது. நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டைச் சொல்கிறது. இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ‘இப்போது இருப்பது இதில் எது, எதோடு எது கலந்திருக்கிறது?’ என்று இரவில் ஒரு முறை பார்ப்பேன். நான் துக்கம் என்று நினைத்ததில் பாதிக்கு மேல் வெகுளி இருந்தது. இறப்பதற்கு முந்தைய வாரம் ‘களைப்பா இருக்கு’ என்ற தம்பியை மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் விட்டதற்கு என்மேலேயே. அதைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காத வரை யாரிடமும் சொல்லவும் முடிந்திருக்காது. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

எழுதவும் சொன்னார் ஆலோசகர். ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட முறை அது: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் சேர்த்தே எழுதுவது. ஒரு எச்சரிக்கை: எழுதி முடித்த உடனே மனம் லேசாகாது, கனக்கும். எனக்கு இரண்டாம் நாள் மிக மோசமாக இருந்தது. தூங்கப் போகும் முன் எழுதாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுங்கள். அந்த நான்கு நாள் தாள்களில் மூன்றைக் கிழித்துவிட்டேன், ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன். பேசுவதைவிட அது எனக்கு எளிதாக இருந்தது.

இனி எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதையும் செய்துபார்த்துச் சூடுபட்டேன். திறந்த வேகத்தில், புதிய அலுவலகத்தில் அதிகம் தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘இவருக்குப் பொறுப்பான வேலை கொடுத்தால் தாங்குவாரா’ என்ற பேச்சாக அது சுற்றி வந்தது. இப்போது எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். முழுவதும் தெரிந்தவர்கள் மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனைவிமேல் மொத்தப் பாரமும் விழும். புதிய ஆளிடம் முதலில் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பேன். அவர் அதைக் கேட்டு வைத்துக்கொள்கிறாரா, உடனே அறிவுரை சொல்லத் தொடங்குகிறாரா, நான்கு நாளில் வேறு வாயிலிருந்து எனக்கே திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே, “நீ வழி ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்” என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ சண்டை மிச்சம். எதிரில் இருப்பவருக்கும் தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரிந்துவிடுகிறது.

உங்கள் பக்கத்தில் என்னைப் போல ஒருவர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கும். “ராத்திரி தூக்கம் வருதா?”, “அவன் ஞாபகம் எந்த நேரத்துல அதிகமா வருது?” என்று குறிப்பாகக் கேளுங்கள். போனவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொன்னால் புண்ணைக் கிளறுவதாகிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அந்த 14 மாதத்தில் தம்பியின் பெயரை யாராவது என் முன்னால் ஒரு முறை சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் ஏங்கினேன். முகம் கொடுக்காமல் போனாலும் ஒரு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். என் நண்பன் நிறுத்தாமல் இன்னும் ஒரு மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று சில நாள் தோன்றும். அது அவன் தவறு என்று சொல்லவில்லை.

மகள் இப்போது படங்களை எனக்கும் காட்டுகிறாள், எல்லாவற்றையும் அல்ல. அவள் முன்னால் தம்பியைப் பற்றிப் பேசிக் கண் கலங்கியபோது முதலில் மிரண்டாள். “அப்பாவுக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு, கொஞ்ச நேரத்துல சரியாயிடும், நீ எதுவும் தப்பு பண்ணல” என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் நானும் அந்த எண்ணுக்கு முறை வைத்து ரீசார்ஜ் செய்கிறோம். ஒரு மாதம் அவர், ஒரு மாதம் நான். முடிந்ததும் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுச் சொல்வோம், அந்தப் பேச்சு எப்படியும் ஒரு மணி நேரம் போகும். முதலில் வேலையை விட்டுப் போன அந்த இரண்டு பேருக்கும் நீளமாகச் செய்தி அனுப்பினேன். ஒருவர் பதில் எழுதினார். இன்னொருவர் படித்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. நண்பனின் வீட்டுக்குப் போய் ஒரு முழு நாள் இருந்தேன். என் கதையைச் சொல்லலாம் என்று போனவன், முதல் மூன்று மணி நேரம் அவன் கதையைத்தான் கேட்டேன். எட்டு மாதத்தில் நான் தவறவிட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பழைய மாதிரி ஆகிவிட்டோமா என்றால், இன்னும் இல்லை. சில இடங்களில் அவன் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறான். நான் அங்கேயே இருக்கிறேனா என்று சரிபார்ப்பது போல.